ஊருக்கு முன்னால் உள்ள சேற்றில் 10,000 கண்டல் நடலாமா? கையெழுத்துக் கேட்கிறார்கள்

கடலோர டீச்சர் | ஜூன் 8, இரவு 9:50

வணக்கம். சேதுபாவாசத்திரத்துக்கும் கட்டுமாவடிக்கும் நடுவில் ஒரு மீனவர் ஊர். அங்கே உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை நான். பசுமைப்படைப் பொறுப்பும் என் தலையில்தான். சீக்கிரம் ஒரு யோசனை சொல்லுங்கள், அடுத்த வாரம் ஊர்க்கூட்டம்.

போன வாரம் ஒரு நிறுவனத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். பெயர் வேண்டாம். ஊருக்குக் கிழக்கே வற்றத்தில், அதாவது கடல் இறங்கும் நேரத்தில், வெளியே தெரியும் சேற்றுத் திடலில், 4 ஹெக்டேர் அளவுக்கு, 10,000 கண்டல் (அலையாத்தி மரம்) நடப்போகிறார்களாம். ஜூலை 26 உலக அலையாத்தி நாள், அன்றைக்கு 200 பிள்ளைகள் வேண்டும். தொப்பி, பனியன், பிரியாணி அவர்கள் செலவு. "பருவநிலை மாற்றத்துக்கும் பல்லுயிர் இழப்புக்கும் ஒரே தீர்வு" என்று வழவழப்பான அட்டை ஒன்று கொடுத்தார்கள். ஊர்க் கமிட்டி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் மரமும் மண்ணும் பிடித்துவைக்கும் கார்பனைக் கணக்குப் போட்டு விற்கும் வருமானத்தில் ஊருக்கும் பங்கு உண்டாம்.

மரம் நடுவதற்கு நான் எதிரி இல்லை. வகுப்பில் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் இரண்டு விஷயம் இடிக்கிறது.

நான்கு வருடத்துக்கு முன்னால் வேறொரு குழு இதே திடலில் நட்டது. நானும் பிள்ளைகளோடு முழங்கால் சேற்றில் இறங்கினேன். முருங்கைக்காய் மாதிரி நீளமான முளை, கையால் அழுத்தினால் போதும், சொருகிக்கொள்ளும். அரை நாளில் 3,000 முடித்துவிட்டோம். தை மாதம் போய்ப் பார்த்தேன். இலை ஒன்று இல்லை, குச்சிகள் மட்டும் வரிசை கலையாமல் நிற்கின்றன, ஒவ்வொன்றிலும் கொட்டலசு, படகடியில் ஒட்டுமே அந்த ஓட்டுப்பூச்சி, அப்பிக்கொண்டிருக்கிறது. ஒன்றைப் பிடுங்கி உடைத்தேன், உள்ளே கறுப்பு. அந்தக் குழுவைப் பிறகு யாரும் பார்க்கவில்லை. குச்சிகள் வலையைக் கிழிக்கின்றன என்று இன்றைக்கும் எனக்குத்தான் திட்டு விழுகிறது.

இன்னொன்று, எங்கள் சத்துணவுக்கூடத்து ஆயா கேட்டது. "அந்த எடத்துல மரம் வச்சிட்டா மட்டி எங்க டீச்சர் பொறுக்குறது?" எனக்குப் பதில் தெரியவில்லை. வற்றத்தில் அங்கே பெண்கள் குனிந்து மட்டி பொறுக்குவதைத் தினமும் பார்க்கிறேன். பனிக்காலத்தில் அதே இடம் முழுக்க உள்ளான் பறவைகள் ஓடும், சில நாள் பூநாரை நிற்கும்.

மரம் இல்லாத சேறு என்றால் அது சும்மா கிடக்கும் இடம்தானா? கையெழுத்துப் போடச் சொல்லலாமா?

---

பச்சைத்தமிழன்88 | ஜூன் 8, இரவு 10:15

இதில் யோசிக்க என்ன இருக்கிறது டீச்சர்? சுனாமியில் பிச்சாவரம் பக்கத்து ஊர்களைக் காப்பாற்றியது அலையாத்திக் காடுதான். பத்தில் ஒன்று பிழைத்தாலும் 1,000 மரம். மட்டியை வேறு இடத்தில் பொறுக்கிக்கொள்ளலாம்.

---

வாய்க்கால்காரர் | ஜூன் 9, காலை 5:40

டீச்சருக்கு வணக்கம். முத்துப்பேட்டைக் காட்டில் 20 வருடத்துக்கு மேல் வாய்க்கால் வெட்டும் வேலையில் இருந்தவன். மேஸ்திரியாகச் சேர்ந்தேன், கடைசியில் கள உதவியாளர் என்று ஒரு பேர் போட்டார்கள். படிப்பு பத்தாம் வகுப்பு. அதனால் ஆய்வாளர் மாதிரி எழுத வராது.

உங்கள் 3,000 குச்சி ஏன் செத்தது என்று முதலில் சொல்கிறேன். நீங்கள் நட்டது சுரபுன்னை வகைக் கண்டல். நடுகிறவர்களுக்கு அதன்மேல் ஒரு ஆசை. முளை பெரிதாக இருக்கும், நர்சரி வேண்டாம், பிள்ளைகளே நட்டுவிடலாம், படத்திலும் நன்றாக விழும். நம் பாக் நீரிணைக் கரையில் தானாக வளர்வது பெரும்பாலும் வெண்கண்டல். அதன் விதை அவரைக்கொட்டை அளவுதான் இருக்கும். புரட்டாசி, ஐப்பசியில் தண்ணீரில் மிதந்துவந்து, அதற்குப் பிடித்த உயரத்தில் ஒதுங்கி வேர்விடும்.

அந்த உயரம்தான் எல்லாமே. அலையாத்தி தண்ணீர் மரம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது தண்ணீரில் நனையும் மரம், தண்ணீருக்குள் வாழும் மரம் இல்லை. ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்கு மேல் முங்கிக் கிடந்தால் வேருக்கு மூச்சுக் கிடைக்காது. மண்ணைக் குத்திக்கொண்டு பென்சில் மாதிரி மேலே நிற்கிறதே மூச்சுவேர், அது அதற்காகத்தான். நம் பக்கம் ஏற்ற வற்றம் முழங்கால் உயரத்தைத் தாண்டாது. ஒரு சாண் பள்ளத்தில் நட்டால்கூடக் கணக்குத் தப்பிவிடும். குச்சியில் கொட்டலசு ஒட்டியிருந்தது என்றீர்கள் பாருங்கள், அதுவே சாட்சி. அதிக நேரம் தண்ணீரில் நிற்கும் பொருளில்தான் கொட்டலசு அப்படி அப்பும். படகு அடியில் பார்த்திருப்பீர்கள்.

நாங்கள் முத்துப்பேட்டையில் செய்தது நேர் எதிரான வேலை. அங்கே வியாதி வேறு. வெள்ளைக்காரர் காலத்தில் ஆரம்பித்த கூப்பு முறையில் காட்டைப் பட்டை பட்டையாக மொட்டையடித்தார்கள். நிழல் போனதும் மண் காய்ந்து உள்வாங்கித் தாம்பாளம் மாதிரி குழிந்துவிட்டது. பெரிய ஏற்றத்தில் உள்ளே வரும் கடல்தண்ணீர் திரும்பிப் போக வழி இல்லை, வெயிலில் வற்றும், உப்பு தங்கும். சித்திரையில் நடந்தால் காலுக்கடியில் அப்பளம் மாதிரி நொறுங்கும். அங்கே எத்தனை கன்று வைத்தாலும் உப்பிலிட்ட நெல்லிக்காய்தான்.

1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சேர்ந்து பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் வாய்க்கால் முறையைக் கொண்டுவந்தார்கள். ஆற்றிலிருந்து ஒரு தாய் வாய்க்கால், அதிலிருந்து இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால். மேலே இருந்து பார்த்தால் மீன்முள். மேலே அகலமாகவும் அடியில் குறுகலாகவும் வெட்ட வேண்டும். கன்றை அடியிலும் வைக்கக் கூடாது, உச்சியிலும் வைக்கக் கூடாது, சரிவின் நடுவில் வைக்க வேண்டும். முதல் ஏற்றம் தாய் வாய்க்காலில் நுழைந்து கிளைக்குள் பிரிந்து போகும்போது ஒரு சத்தம் வரும், காய்ந்த மண் உறிஞ்சும் சத்தம். அதைக் கேட்கக் கூலி ஆட்கள் கரையில் உட்கார்ந்து பீடி பிடிப்போம். இரண்டு, மூன்று மழைக்குப் பிறகு நாங்கள் வைக்காத இடத்திலும் கன்று முளைத்துக் கிடந்தது. விதை வெளியில் சும்மா மிதந்துகொண்டுதான் இருந்திருக்கிறது, உள்ளே வர வழிதான் இல்லாமல் போயிருந்தது.

இதிலும் குறை உண்டு, மறைக்க மாட்டேன். வாய்க்கால் தூர்ந்துபோகும். தூர் எடுக்கக் காசு வராத வருடங்களில் பழைய நிலைமைக்குத் திரும்பிய துண்டுகளை என் கண்ணால் பார்த்தேன். எங்கே பார்த்தாலும் வெண்கண்டல் ஒன்றே இருப்பதும் நல்லதில்லை. ஆனால் 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்தபோது ஒன்று கற்றுக்கொண்டோம். காடு மொத்தமும் பழுப்பாகிப் போனது. கிளை முறிந்த வெண்கண்டல் அடிமரத்திலிருந்து திரும்பத் தளிர்விடும். சுரபுன்னைக்கு அந்தக் குணம் கிடையாது, கொண்டை போனால் போனதுதான். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த வாய்க்கால் ஓரங்களில்தான் முதலில் பச்சை கட்டியது.

தம்பி பச்சைத்தமிழன், பிச்சாவரம் பற்றி. அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-ல் அப்படி எழுதியது உண்மை. அடுத்த வருடமே வேறு சிலர் அதே ஊர்களின் கணக்கைத் திரும்பப் போட்டு, கடலிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு மேடு என்பதுதான் பெரும்பங்கு என்றார்கள். காடு அலையின் வேகத்தைக் குறைக்கும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் காடு பின்னால் இருக்கும் ஊரைக் காக்க வேண்டுமென்றால் முதலில் அது உயிரோடு நிற்க வேண்டும். "பத்தில் ஒன்று பிழைத்தாலும்" என்கிறாய். டீச்சர் சொன்ன கணக்கில் 3,000-க்கு எத்தனை பிழைத்தது?

டீச்சர், நீங்கள் அந்தத் திடலில் கன்று நட வேண்டாம் என்பது என் கருத்து. ஊருக்குள் வாருங்கள். கடலுக்கும் ரோட்டுக்கும் நடுவில் உமிரி என்கிற உப்புச்செடி படர்ந்து, சீமைக்கருவேலம் ஏறிய காய்ந்த உப்புக்களர் ஏதாவது கிடக்கிறதா? அதற்குள் முன்பு கழி, அதாவது கடல்தண்ணீர் வந்துபோகும் ஓடை, ஓடியதா? அதைப் பெரியவர்களிடம் கேளுங்கள்.

---

கணக்குச் சரியா | ஜூன் 9, பகல் 1:05

கார்பன் திட்டங்களுக்குக் கணக்குத் தணிக்கை செய்வது என் பிழைப்பு. அந்தத் தாளைப் பற்றி மட்டும் பேசுகிறேன், சேற்றில் இறங்கிய அனுபவம் எனக்கு இல்லை.

முதலில் அறிவியல் ஆசிரியைக்குப் பிடித்த பகுதி. அலையாத்தியில் கார்பன் மரத்தில் இருக்கிறது என்று நினைத்துத்தான் மரத்தை எண்ணுகிறார்கள். 2011-ல் இந்தோ-பசிபிக் பகுதி முழுக்க அளந்த ஓர் ஆய்வில் ஹெக்டேருக்குச் சராசரியாக 1,000 டன் கார்பன் வந்தது, அதில் பெரும்பகுதி மண்ணில். நம் வறண்ட கரையில் அவ்வளவு இருக்காது, ஆனாலும் காரணம் அதேதான். கழிச் சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வருமில்லையா? அங்கே ஆக்சிஜன் இல்லை என்று அர்த்தம். ஆக்சிஜன் இல்லாவிட்டால் விழுந்த இலையும் வேரும் லேசில் மக்காது, மேலே மேலே சேறு படிந்து நூற்றாண்டுக் கணக்கில் உள்ளே கிடக்கும். சேற்றுத் திடலும் அப்படித்தான். கடற்புல்லும் சளைத்ததில்லை. கடலடிப் பரப்பில் 0.2 விழுக்காடுகூட இல்லாத கடற்புல்தான் ஆண்டுதோறும் கடலடியில் புதையும் கார்பனில் சுமார் 10 விழுக்காட்டைப் புதைக்கிறது என்று ஒரு மதிப்பீடு உண்டு. அப்படியென்றால் சேற்றைத் தோண்டி, மிதித்து, கலக்கி மரம் நடுவது, வங்கி லாக்கரை உடைத்து உண்டியலில் போடுகிற கதை.

இப்போது பணம். கென்யாவில் காசி வளைகுடாவில் "மிகோகோ பமோஜா" என்று ஒரு திட்டம் 2013-லிருந்து நடக்கிறது. ஊர்க்காரர்களே நடத்துகிறார்கள். 117 ஹெக்டேர், ஆண்டுக்குச் சுமார் 3,000 டன் கரியமில வாயு அளவுக்குக் கார்பன் கிரெடிட் விற்கிறார்கள். அந்தக் காசில் குடிநீர்க் குழாய் போட்டார்கள், பள்ளிக்கூடத்துக்குச் செலவு செய்தார்கள். உலகத்தில் இதற்கு எடுத்துக்காட்டு கேட்டால் எல்லோரும் சொல்வது இதைத்தான்.

அதே விகிதத்தை உங்கள் 4 ஹெக்டேருக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 100 டன். அதுவும் எல்லாம் பிழைத்து, வளர்ந்து, காடு ஆன பிறகு. ஒரு டன்னுக்கு 10 டாலர் என்று தாராளமாக வைத்தாலும் மொத்தம் 1,000 டாலர். அதில் அளக்க வருபவர், தணிக்கை செய்ய வரும் என்னைப் போன்றவர், பதிவுக் கட்டணம் எல்லாம் போக ஊருக்கு என்ன மிஞ்சும்? பிரியாணிச் செலவு தேறினால் அதிர்ஷ்டம்.

அப்புறம், அந்தத் திடல் யாருடையது? வருவாய்த் துறை புறம்போக்கா, வனத்துறையா? ஊருக்குச் சொந்தமில்லாத நிலத்தின் கார்பனை ஊர் எப்படி எழுதிக்கொடுக்கும்? 2019 கடற்கரை ஒழுங்காற்று அறிவிக்கை அலையாத்தி, கடற்புல், உயிருள்ள சேற்றுத் திடல் மூன்றையும் ஒரே உச்சப் பாதுகாப்பு வகையில்தான் வைத்திருக்கிறது. சட்டத்தின் கண்ணுக்குச் சேறு தரிசு இல்லை. தாளில் "உரிமை மாற்றம்", "30 ஆண்டுகள்", "மறுக்க இயலாத" என்கிற மூன்று சொல்லும் இருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன். இலவசம்தான்.

---

மன்னார்க்கரை | ஜூன் 9, இரவு 8:30

ரீச்சர், அக்கரையில் இலங்கையிலிருந்து எழுதுகிறேன். உங்கள் ஊர் மீனும் எங்கள் ஊர் மீனும் ஒரே கடலில்தான் திரிகிறது.

சுனாமிக்குப் பிறகு எங்கள் நாட்டில் கண்ணா (கண்டலை அப்படியும் சொல்வோம்) நடாத ஆளில்லை. காசு வந்தது, நிறுவனங்கள் வந்தன, கரை தெரிந்த இடமெல்லாம் நட்டார்கள். பிறகு ஆய்வாளர்கள் வடிவாக எண்ணிப் பார்த்து 2017-ல் ஒரு கட்டுரை போட்டார்கள். 23 இடங்கள், 1,000 முதல் 1,200 ஹெக்டேர் வரை நட்டது. தப்பியது 200 முதல் 220 ஹெக்டேர். 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பிழையான இடம், பிழையான இனம், நட்ட பிறகு ஒருவரும் போய்ப் பார்க்காதது, மாடு மேய்ந்தது. நானும் அப்போது ஒரு நிறுவனத்தில் நாட்கூலிக்கு நட்டவன். எங்களுக்கு ஒரு கன்றுக்கு இவ்வளவு என்று காசு. பிறகு எவன் ஆழம் பார்த்து நடுவான்? சேறு இளகிய இடம்தான் கெதியாகக் குத்தலாம், அங்கேயே குத்தினோம். அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

பிறகு மெல்ல மெல்லப் பாதை மாறியது. நடுவதைக் குறைத்து, நீரோட்டத்தைச் சரிப்படுத்தி, தானாக முளைக்க விடுகிற வேலைக்கு வந்தார்கள். 2024-ல் ஐ.நா. உலக மறுசீரமைப்பு முன்னோடித் திட்டங்களில் ஒன்றாக இலங்கையின் கண்டல் மீட்பைச் சேர்த்தது. தோற்ற கணக்கை மூடி மறைக்காமல் வெளியில் போட்டதும் அதற்கு ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

மற்றது, "பசுமை" என்று பெயர் வைத்துக்கொண்டு கரையைப் பிடிக்கிற எதையும் சந்தேகியுங்கள். எங்கள் பக்கம் கடலட்டைப் பண்ணைக்கு ஆழங்குறைந்த கடற்புல் தரையில் வலை அடித்து மறித்தபோது, அது ஏற்றுமதி, அபிவிருத்தி என்றார்கள். கரைவலைக்காரரும் தூண்டில்காரரும் போகிற வழி அடைபட்டது. வேலி அடிக்கிறார்களா என்று கேளுங்கள். நட்ட இடத்துக்குள் மட்டி பொறுக்கப் போகலாமா என்று எழுத்தில் கேளுங்கள்.

---

மல்லிப்பட்டினத்தான் | ஜூன் 10, அதிகாலை 3:20

டீச்சர், தொழிலுக்குக் கிளம்பும் நேரம், சுருக்கமாகச் சொல்கிறேன்.

அந்தத் திடலுக்கு வெளியே ஒரு ஆள் ஆழத்தில் என்ன இருக்கிறது என்று அந்த மூன்று பேரும் கேட்டார்களா? தாழை. நீங்கள் பாடத்தில் கடற்புல் என்று சொல்வீர்கள். நீலக்கால் நண்டு அதில்தான், ஓரா மீன் அதில்தான் மேயும், கணவாய் அதில்தான் முட்டை ஒட்டும். ஆவுளியா, அதான் கடற்பசு, வருவதும் அதற்காகத்தான். அதிராம்பட்டினத்திலிருந்து அம்மாபட்டினம் வரை 448 சதுர கிலோமீட்டரை 2022 செப்டம்பரில் கடற்பசு பாதுகாப்பகம் என்று அறிவித்தார்களே, உங்கள் ஊர் அதற்குள்தான் வருகிறது. இதையும் அந்த அட்டையில் தேடிப் பாருங்கள்.

என் அப்பா காலத்தில் ஆவுளியா சிக்கினால் ஊரே கறி பங்கு போடும். பொய் சொல்லவில்லை. எனக்கு 14 வயசில் ஒன்றைக் கரைக்கு இழுத்தபோது அது பெருமூச்சு விட்டது, மாடு விடுகிற மாதிரியே இருந்தது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. இப்போது சிக்கினால் வலையை அறுத்து விட்டுவிடுகிறோம், வனத்துறையில் பரிசும் தருகிறார்கள். அது ஒரு குட்டி போட்டால் அடுத்த குட்டிக்கு 3 வருடம், 7 வருடம்கூட ஆகும். ஒரு நாளைக்கு 40 கிலோ வரை தாழை தின்னும் என்கிறார்கள். தாழை போனால் அது போச்சு.

தாழைக்கு வெயில் வேண்டும். கரையில் சேற்றைக் கலக்கினால் கலங்கல் வந்து அதன்மேல் படியும். இழுவை மடி போடுகிற விசைப்படகு ஏற்கெனவே அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதை நிறுத்த ஒருத்தரும் பனியன் கொடுப்பதில்லை.

ஆயா கேட்ட கேள்விதான் சரியான கேள்வி. காற்று மாறுது, போய்ட்டு வர்றேன்.

---

பச்சைத்தமிழன்88 | ஜூன் 10, காலை 9:00

வாய்க்கால்காரர் ஐயா, 3,000-க்கு எத்தனை என்று கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம். கடல்மட்டம் ஏறிக்கொண்டே வந்தால் இன்றைக்குச் சரியான உயரம் நாளைக்குத் தப்பாகிவிடாதா?

---

வாய்க்கால்காரர் | ஜூன் 10, மாலை 6:30

நல்ல கேள்வி தம்பி. காடு உயிரோடு இருந்தால் அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். மூச்சுவேர் வண்டலைப் பிடித்து நிறுத்தும், உள்ளே வேர் பெருத்து மண்ணை உப்பவைக்கும். ஆற்றில் வண்டல் வந்தால்தான் இதுவும் நடக்கும். காவிரித் தண்ணீரே கடைமடைக்குத் தட்டுத்தடுமாறி வரும் காலத்தில் வண்டல் எங்கே வரும்? அப்போது மரம் உள்பக்கம் நகரப் பார்க்கும். நகர இடம் வேண்டும். பின்னால் ரோடும் இறால் பண்ணைக் கரையும் சுவரும் நின்றால் முன்னால் கடல், பின்னால் சிமெண்ட், நடுவில் நசுங்க வேண்டியதுதான். அதனால்தான் டீச்சரை ஊருக்குள் பார்க்கச் சொன்னேன். நாளைய காட்டுக்கு இடம் அங்கேதான்.

---

கடலோர டீச்சர் | ஜூன் 17, இரவு 10:20

எல்லோருக்கும் நன்றி. ஒரு வாரம் எழுத முடியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வற்றத்தில் நானும் ஆயாவும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேரும் திடலுக்குப் போனோம். ஆயா ஒரு தகரக் கரண்டியால் சுரண்டிக் காட்டினார். ஒரு பிளாஸ்டிக் வாளியின் வாய் அளவுக்கு வட்டம் போட்டு உள்ளே இருப்பதை எண்ணச் சொன்னேன். மட்டி 14, குழி நண்டு 5, பெயர் தெரியாத புழு நிறைய. ஒரு பையன் "இவ்ளோ இருக்கா மிஸ்!" என்று கத்தினான். ஆயாவுக்கு ஒரே சிரிப்பு. நாற்பது வருடமாகத் தெரிந்த சங்கதிக்கு இப்படி ஒரு கூச்சல்.

வாய்க்கால்காரர் ஐயா சொன்னபடி ஊர்ப்பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு ரோட்டுக்கு மேற்கே போனோம். முன்பு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால்வரை கழி வருமாம், மடவை துள்ளுமாம், கொடுவா பிடித்திருக்கிறாராம். எனக்கு இது செய்தி, எட்டு வருடமாக அந்த இடத்தைக் கருவேலங்காடு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ரோடு போட்டபோது கழிக்குக் குறுக்கே ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். அகலம் இரண்டடி இருக்கும். பாதிக்கு மேல் மண், மீதியில் பழைய நண்டு வலையும் தெர்மாகோல் பெட்டியும். குழாய்க்குக் கடல் பக்கம் வெண்கண்டல் ஏழு மரம், நல்ல உயரம். உள்பக்கம் வெள்ளை உப்பும் உமிரியும். ஒரே மண், நடுவில் ஒரு ரோடுதான்.

கூட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை. அந்த நிறுவனத்துக்காரர்களிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: கன்று வேண்டாம், அந்தக் குழாயை எடுத்துவிட்டு ஒரு சின்னப் பாலம் கட்டக் காசு கொடுங்கள். அவர்கள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. பாலத்தில் கன்று எண்ணிக்கை வராதாம், அறிக்கையில் எழுத முடியாதாம். தலைமையகத்தில் கேட்டுச் சொல்கிறோம் என்று போனார்கள். கேட்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. கமிட்டியில் இருவர் கையில் வந்ததைக் கெடுத்துவிட்டேன் என்று இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடலோரத்தை மீட்கும் அரசின் நெய்தல் மீட்சி இயக்கத்தில் கேட்கலாம் என்று ஊராட்சியில் சொன்னார்கள், வனத்துறைக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் மனு எழுதியாகிவிட்டது. கணக்குச் சரியா அவர்களே, அந்தத் தாளின் படம் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். நீங்கள் சொன்ன மூன்று சொல்லில் இரண்டு இருக்கிறது.

ஜூலை 26-க்குப் பிள்ளைகளுக்கு வேலை கொடுத்தாக வேண்டுமே. குழாயின் இரண்டு பக்கமும் அளவு குறித்த மூங்கில் குச்சி 12 நட்டு, காலை மாலை தண்ணீர் எந்தக் கோடு வரை ஏறுகிறது என்று நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறேன். ஐப்பசியில் விதை மிதந்து வருவதற்குள் எங்கே எவ்வளவு நேரம் தண்ணீர் நிற்கிறது என்று தெரிந்துவிடும். வாய்க்கால்காரர் ஐயா, ஒரு நாளைக்கு இரண்டு தடவை அளந்தால் போதுமா, பௌர்ணமி அமாவாசையில் இரவிலும் பார்க்க வேண்டுமா?

நேற்று நட்ட 12 குச்சியில் இன்று காலை 9 தான் இருந்தது. மூன்றை யாரோ அடுப்புக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள்.

---

வாய்க்கால்காரர் | ஜூன் 18, காலை 5:15

அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் மறுநாள் இரவில் கட்டாயம் பாருங்கள், பெரிய ஏற்றம் அப்போதுதான். குச்சிக்கு மூங்கில் வேண்டாம் டீச்சர், பழைய பிவிசி குழாய் வையுங்கள். அடுப்பில் எரியாது.